இன்றைய அமீர் யார்?



சுற்றுலா என்றதும், "அதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு உரியது" என்று நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கிறோம். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வரை உறவினர் வீட்டுத் திருமணங்களே அவர்களுக்குச் சுற்றுலாவாகி விடுகின்றன. அவர்கள் பருவ வயதை எட்டிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. நம்மோடு வர அவர்களுக்கு விருப்பமில்லை. அவர்களைத் தனியே அனுப்ப நமக்குத் துணிவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே தந்தையும் மகனும் இரண்டு ஊர்க்காரர்களைப்போல் வாழும் காலம் அது.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனின் வருமானம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததன்று. எனினும் 2025ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில், ஆறு நாள் பயணத்துக்கென்று பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கினேன். நானும் என் துணைவியாரும், பிளஸ் டூ படிக்கும் மகளும், ஒன்பதாம் வகுப்பு மகனுமாக நால்வர். தங்க 4,000, உண்ண 3,500, பயணக் கட்டணம் 1,500, அவசரத்துக்கு 1,000 என்று ஒரு தாளில் எழுதி, அத்தாளையும் தென்மாவட்ட வரைபடம் ஒன்றையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு பெரிய கேள்வி முடிவு காணாமல் நின்றுகொண்டிருந்தது. மகள் அடுத்த ஆண்டு வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கிப் படிக்க விரும்பினாள். "தனியாக ஒரு பேருந்து மாறத் தெரியாத பெண்ணை எப்படி அனுப்புவது?" என்பது அவள் தாயின் கேள்வி. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை.

மூவர் பயணம் புறப்பட்டால் தம்மில் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக ஆக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். அதை நாங்கள் அப்படியே எடுத்துக் கொண்டோம். ஒரு சிறு ஏற்பாட்டை மட்டும் சேர்த்தோம். நாளுக்கு ஒருவர் அமீர். அன்றைய பணப்பை அவரிடம். எந்த வண்டி, எங்கே உணவு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் முடிவு. மற்றவர்கள் யோசனை சொல்லலாம், முணுமுணுக்கக் கூடாது. நீர்நிலைகளிலும் உயிர்ப் பாதுகாப்பிலும் மட்டும் என் சொல்லே இறுதி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றதை நாம் மறந்துவிட முடியாது.

முதல் நாள் அமீர் நான். திருச்சியிலிருந்து காலை ரயிலில் ராமேசுவரம் சென்றோம். 1914இல் திறக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ரயில் கடலைக் கடந்தது. கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் விதத்தை மகன் எனக்கு விளக்கினான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் தொடர்ந்து பத்து நிமிடம் பேசியது அன்றுதான்.

மறுநாள் அவன் அமீர். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடத்தைக் கண்டோம். படகோட்டிய தந்தையின் மகனாகப் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே செய்தித்தாள் விற்றவர் அவர் என்பதை அவன் நின்று படித்தான். பிறகு நகரப் பேருந்தில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோன ஊர் அது. இடிந்த தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு, நிலம் முடிந்துபோகும் அரிச்சல்முனை வரை சென்றோம்.

திரும்பும் நேரத்தை அமீர் தவறாகக் கணக்கிட்டுவிட்டார். வந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை. குடிநீரும் தீர்ந்துவிட்டது. வெயிலில் வாடிய தாயின் முகத்தை அவன் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்துக் கொண்டிருந்தேன். "அமீர் சொல்லட்டும், கேட்போம்" என்றார் அவன் தாயார். சிறிது நேரம் நின்று யோசித்தவன், தானே சென்று ஒரு வேன் ஓட்டுநரிடம் பேசி, தலைக்கு இவ்வளவு என்று முடிவு செய்து எங்களை ஏற்றினான். அன்றிரவு கணக்கு எழுதும்போது, "நாளைக்கு என் பங்கு டீயை விட்டுவிடுகிறேன் அத்தா" என்றான். ஓர் அறிவுரையும் நான் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் கடினமான நாள். ராமேசுவரம், கீழக்கரை, எட்டயபுரம், தூத்துக்குடி, காயல்பட்டினம் என்று பல பேருந்துகள் மாற வேண்டிய வழி. அமீர் மகள். புறப்படுமுன் நடத்துநர்களிடம் கேட்டு, எங்கே எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதைச் சிறு நோட்டில் குறித்துக் கொண்டாள். கீழக்கரையில் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய பள்ளிவாசலை வியந்து பார்த்தோம். பெண்கள் தொழும் தைக்கா எங்கிருக்கிறது என்று விசாரித்துத் தாயை அழைத்துச் சென்றவள் அவளே.

சீதக்காதி வள்ளல் அடங்கியிருக்கும் கீழக்கரையையும், அவர் ஆதரித்த உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தையும் ஒரே நாளில் காண வேண்டும் என்பது அவளது திட்டம். சீறாப்புராணம் பாடிய புலவரின் அடக்கவிடமும், 1882இல் பாரதியார் பிறந்த வீடும் எட்டயபுரம் என்ற அச்சிற்றூரிலேயே இருக்கின்றன. ஒரு மண்ணில் இரண்டு பெருங்கவிஞர்கள்! வரலாறு பட்டம் பெற்ற நான் பாடம் நடத்த வாய் திறந்தேன். "அத்தா, பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம்தான்" என்று அமீர் கட்டளையிட்டார். வாயை மூடிக் கொண்டு நடந்தேன்.

தூத்துக்குடி வந்து சேரும்போது மஃரிபு நேரம் கடந்துவிட்டது. இருட்டு, கூட்டம், அறியாத ஊர். துணைவியார் என் கையைப் பற்றிக் கொண்டார். மகளோ காயல்பட்டினத்தில் என்னுடன் ஓதிய நண்பரின் வீட்டுக்குத் தொலைபேசியில் நேரம் சொல்லி, திருச்செந்தூர்ப் பேருந்தில் இடம் பிடித்து, இரவு ஒன்பது மணிக்கு எங்களை அவ்வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

நான்காம் நாள் அமீர் என் துணைவியார். ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து தென்காசி. "இன்று மதியம் எல்லோரும் உறங்க வேண்டும்" என்பது அவருடைய முதல் ஆணை. அதைப்போன்ற நல்ல ஆணை அப்பயணத்தில் வேறில்லை.

ஐந்தாம் நாள் மகன் மீண்டும் பொறுப்பேற்றான். காலைப் பேருந்தில் புனலூர் சென்று, பகல் ரயிலில் ஆரியங்காவு மலைவழியே செங்கோட்டை திரும்பினோம். 1904இல் போடப்பட்ட பாதை அது. அகலப் பாதையாக்கும் பணிக்காக மூடப்பட்டு, 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. குகைகளுக்குள் இருள, பதின்மூன்று கண் பாலத்தில் வெளிச்சம் பாய, பிள்ளைகள் இருவரும் சன்னலை விட்டு நகரவில்லை. செலவோ மிகச் சொற்பம். இம்முறை ரயில் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நிலையத்தில் நின்றிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று மாலை குற்றாலச் சாரலில் நனைந்தபடி நடக்கும்போது துணைவியார் மெல்லச் சொன்னார்: "ஏங்க, இவள் விடுதியில் இருந்தே படிக்கட்டும்." நான் காரணம் கேட்கவில்லை. தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தை நானும்தான் பார்த்திருந்தேன். ஆறாம் நாள், மகளின் தலைமையிலேயே வீடு திரும்பினோம். அவசரத்துக்கு வைத்த ஆயிரத்தில் அறுநூறு மிஞ்சியிருந்தது.

வாசகர்களே! நீங்களும் புறப்பட எண்ணினால் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். நாளுக்கொரு ஊரில் அறை எடுக்காதீர்கள்; ஓரிடத்தில் இரண்டு இரவு தங்கிச் சுற்றுப்புறத்தைப் பார்த்தால் பணமும் மிஞ்சும், உடலும் தாங்கும். இடையில் ஓரிரவு உறவினர், நண்பர் வீடாக இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதைக் கணக்கில் சேருங்கள். ரயிலில் 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. விடுமுறைத் தேதி தெரிந்தவுடன் திரும்பும் சீட்டை முதலில் எடுத்து விடுங்கள். முதல் நாளைக்குக் கட்டுச்சோறு போதும். பயணிக்கு நான்கு ரக்அத்தையே இரண்டாகச் சுருக்கித் தந்திருக்கிறது மார்க்கம். நாம் நான்கு பெட்டிகளைச் சுமந்து செல்வானேன்?

எல்லாவற்றுக்கும் மேலாக, பணப்பையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் பத்து ரூபாயை வீணாக்கலாம். ஒரு பேருந்தைத் தவற விடலாம். நாம் பக்கத்தில் இருக்கும்போதே அது நடந்து முடியட்டும். நாம் உடன் செல்ல முடியாத ஊர்களுக்கு அவர்கள் போகும் நாள் தொலைவில் இல்லை. அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று இன்றிரவு உணவு நேரத்தில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடை வரும் வரை, நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள்.