பேசாத பிள்ளைகளும் பிழைக்க வேண்டும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் நம் பெரியோர். அப்படியானால் வாயிருந்தும் பேசாத பிள்ளையின் கதி என்ன? இந்தக் கேள்வி சில ஆண்டுகளாகவே என்னை விடாமல் தொடர்ந்து வருகிறது. வாசக அன்பர்களோடு சேர்ந்து அதைச் சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், திருக்கழுக்குன்றத்தைக் கடந்து கடலை நெருங்க நெருங்க, ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் சிறுசிறு குடியிருப்புகளைக் காணலாம். இருளர் இன மக்கள் வாழும் இடங்கள் அவை. தமிழகத்தின் ஆறு தொன்மைப் பழங்குடிகளுள் ஒன்றான இவர்கள், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இவர்களுடைய பிள்ளைகளுள் மேல்நிலை வகுப்புவரை தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த சிலரும், அருகிலுள்ள மீனவக் குப்பங்களைச் சேர்ந்த சிலரும் ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் பங்கு மன்றத்தில் கூடுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். அவர்கள் எங்களிடம் கேட்டு வருவது ஞானோபதேசம் அன்று. வேலைக்குத் தங்களைத் தயாரிக்க வேண்டும் என்பதே.

வேலை தொலைவிலும் இல்லை. செங்கல்பட்டை அடுத்த பரனூரில் 2002 முதல் மகேந்திரா வேர்ல்டு சிட்டி இயங்குகிறது. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் தங்கும் விடுதிகள் எழுந்துள்ளன. மாணவர்க்கு வேலைத்திறன் பயிற்சி தருவதற்கென்றே தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும், மதிப்பெண் சான்றிதழுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்கே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர், "உன்னைப் பற்றிச் சொல்" என்கிறார். நம் பிள்ளைகளின் கால்கள் அங்கேதான் தடுக்குகின்றன.

பயிற்சி தர வருவோர் வழக்கமாகச் சொல்லும் பாடம் யாவரும் அறிந்ததே. கண்ணைப் பார்த்துப் பேசு, குரலை உயர்த்து, உன் திறமைகளை நீயே எடுத்துரை, குழுவில் முந்திக்கொண்டு கருத்துச் சொல். இருளர் வீட்டுப் பிள்ளைகள் தரையைப் பார்த்தபடி நிற்பார்கள். வகுப்பின் முடிவில் 'தன்னம்பிக்கை போதாது, கூட்டுழைப்பு அறியார்' என்று குறிப்பு எழுதப்படும். இந்தக் குறிப்பு உண்மைதானா என்பதை நாம் உரசிப் பார்க்க வேண்டும்.

இவர்களுடைய பெற்றோர் வரப்பில் எலி வளை தோண்டுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கணவனும் மனைவியுமாகவே செல்கின்றனர். ஒருவர் கையில் கடப்பாரை. மற்றவரின் கண் வளையின் மறுவாயில்மீது. இடையில் சொற்கள் மிகக் குறைவு. ஒரு தலையசைப்பு, ஒரு விரல் நீட்டல், அவ்வளவே. உள்ளே இருப்பது எலியா, எலியைத் தேடிப்போன நாகமா என்பதை மண்ணின் தடத்தையும் உரிந்த சட்டையையும் கொண்டு முடிவு செய்கின்றனர். ஒருவரது கணிப்பை மற்றவர் நம்பாவிட்டால் உயிர் போய்விடும். இதைவிடக் கூட்டுழைப்பு வேறென்ன இருக்க முடியும்?

இத்திறமையை உலகமே மதித்த வரலாறும் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து இருளர் பிழைப்பிழந்து நின்ற காலத்தில், ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் அது செயல்பட்டு வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்து வந்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் வைத்திருந்து நஞ்சை எடுத்தபின், அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் இந்த நஞ்சே. பிடிப்பவர், பதிவேடு எழுதுபவர், நஞ்சு எடுப்பவர், விடுவிப்பவர் என ஒருவர் வேலை முடியும் இடத்தில் மற்றவர் வேலை தொடங்கும் ஏற்பாடு அது.

அச்சங்கத்தின் வழி வளர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள சதுப்புக்காடுகளைச் சூறையாடும் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. அந்த நாட்டு மொழி அவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்கள் உடன் சென்றனர். இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. "உன்னைப் பற்றிச் சொல்" என்ற கேள்விக்கு இவர்கள் என்ன விடை சொல்லியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இவர்களைப் பற்றி இவர்களது வேலையே பேசியது.

மீனவப் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்க, படகு வளைந்து சென்று வலையை விரித்து மறுமுனையைக் கரை சேர்க்கிறது. பிறகு இரு அணிகளாக இழுக்கின்றனர். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணும், மீன் நழுவும். பிடிபட்டதைப் பங்கு பிரிக்கும்போது வலைக்கும் படகுக்கும் ஆளுக்கும் உரிய கூறு உண்டு. நமக்குப் பங்கு என்றால் ஆலயமும் அதன் மக்களும். அவர்களுக்குப் பங்கு என்றால் உழைப்பின் கூறு. இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

அப்படியானால் இவர்களுக்கு நாம் கற்பிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இருளர் பிள்ளையின் மௌனத்தில் இரு வகை உண்டு என்பதை நாம் பிரித்தறிய வேண்டும். ஒன்று, தொழில் தந்த மௌனம், அது அறிவு. மற்றொன்று, அச்சம் தந்த மௌனம், அது காயம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் எத்தனையோ இருளர் குடும்பங்கள், வாங்கிய முன்பணத்துக்காக அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முடங்கிக் கிடந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்டதை நம் மாவட்டம் அறியும். அத்தகைய இடத்தில் எதிர்த்துக் கேட்டவனுக்கு அடி, தலையாட்டியவனுக்குச் சோறு. எதற்கும் "சரிங்க" என்று சொல்லும் பழக்கத்தைத் தாய் பிள்ளைக்குப் பாதுகாப்பாகவே கற்றுத் தந்தாள். அதே "சரிங்க" இயந்திரத்தின் முன்னால் விரலைப் பறித்துவிடும்.

ஆதலால் எங்கள் வகுப்பில் முதலில் பழகுவது மூன்றே வாக்கியங்கள். "புரியலை சார், இன்னொரு தரம் சொல்லுங்க." "இது ஆபத்து சார், நிறுத்தணும்." "நாளைக்கு வர முடியாது சார், காரணம் இதுதான்." கேட்பதற்கு எளியவை. பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி இரண்டாவது வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல ஐந்து ஞாயிறுகள் ஆயின.

மூன்றாவது வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் இளைஞனின் அனுபவம் உணர்த்தியது. தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்த மூன்றாம் மாதம் அவனுடைய அத்தை இறந்துபோனார். சாவு வீட்டில் நான்கு நாள் தங்கினான். யாருக்கும் தகவல் சொல்லவில்லை. அவனுடைய குடியிருப்பில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும்; சொல்லவேண்டிய தேவையே எழாது. ஐந்தாம் நாள் சென்றபோது வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. 'பொறுப்பற்றவன்' என்றது அலுவலகக் குறிப்பு. அவன் ஒரு பெரிய பொறுப்பை நிறைவேற்றிவிட்டுத்தான் வந்திருந்தான். குறைந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. அந்த ஒன்று ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைக் கொண்டுபோயிற்று.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே எங்கள் பாடமுறை. எலி வளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, வரப்பையே பார்த்திராத நகரத்து மாணவன் ஒருவனுக்குச் சொற்களால் மட்டும் விளக்க வேண்டும். கை காட்டக் கூடாது. தம்மிடம் இத்தனை அறிவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே கேட்டு வியப்பது அப்போதுதான். அடுத்து, ஓர் அணி பெட்டி அடுக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, எதுவரை முடிந்தது, எதில் சிக்கல் என்பதை நான்கு வரிகளில் சொல்லிச் செல்லும். அடுத்த அணி அதைக் கொண்டே முடிக்க வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்டு மாறும்போது நடப்பது இதுவேயன்றோ!

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. கனடாவின் வடகோடியில் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிப் படிக்கும்போது நம் பிள்ளைகளே நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் புருவத்தை உயர்த்தினால் 'ஆம்' என்று பொருள். மூக்கைச் சுருக்கினால் 'இல்லை' என்று பொருள். தெற்கிலிருந்து வரும் ஆசிரியர், கேள்வி கேட்டுவிட்டு விடை வரவில்லையே என்று காத்திருப்பாராம். விடையோ முகத்திலேயே வந்து போயிருக்கும். இன்று அம்மக்களுக்கென 1999 ஏப்ரல் 1 அன்று உருவான நூனவுட் ஆட்சிப்பகுதி, பொது நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைத்தல், கலந்து பேசி முடிவெடுத்தல் ஆகிய முன்னோர் நெறிகளையே தன் அரசுக்கும் பள்ளிகளுக்கும் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. கூட்டுழைப்பைப் புதிதாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவர்களிடம் இருந்ததற்கே இடம் கொடுத்தார்கள்.

அந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகள் அந்நாட்டில் நெடுங்காலம் நடந்தன. அவற்றுள் பலவற்றை நடத்தியது நம் திரு அவையைச் சேர்ந்தோர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 29 அன்று நூனவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். நல்லதைக் கற்பிக்கிறோம் என்ற எண்ணத்தோடே ஒரு பிள்ளையின் நாவை அறுத்துவிட முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். வகுப்பறையில் நிற்கும் எவரும் அதை மறந்துவிடலாகாது.

எனவே நாங்கள் மேற்பார்வையாளர்களையும் வகுப்புக்கு அழைக்கத் தொடங்கினோம். அவர்களுள் அனுபவசாலியான ஒருவர் சொன்னது பயனுள்ளது. "இந்தப் பிள்ளைங்ககிட்ட 'புரிஞ்சுதா'ன்னு கேட்கவே கூடாது ஃபாதர். 'சரிங்க சார்'னு மட்டும்தான் பதில் வரும். 'இப்ப என்ன செய்யப்போறே, சொல்லு தம்பி'ன்னு கேட்டா எல்லாம் தெரிஞ்சுடும்" என்றார். பேசக் கற்பது ஒரு பக்கத்தின் கடமை என்றால், கேட்கக் கற்பது மறுபக்கத்தின் கடமை.

மேலே நான் குறிப்பிட்ட அந்தப் பெண் இப்போது பொட்டலமிடும் பிரிவொன்றில் பணிபுரிகிறாள். ஒருநாள் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி ஆடுவதைக் கண்டாள். தனியாகப் போய்ச் சொல்ல நா எழவில்லை. பக்கத்தில் இருந்த தன் குடியிருப்புத் தோழியிடம் சொன்னாள். இருவரும் சேர்ந்து சென்றனர். தோழி "சார்" என்று கூப்பிட்டாள். இவள் "நிறுத்தணும்" என்றாள். இயந்திரம் நின்றது, மூடி இறுக்கப்பட்டது. அவ்வளவே நிகழ்ச்சி. ஆனால் அன்று எத்தனை விரல்கள் காப்பாற்றப்பட்டன என்பதை யார் கணக்கிட முடியும்?

அவர்கள் இருவராகச் சென்றது எனக்கு ஆழ்ந்த சிந்தனையைத் தந்தது. வளைக்கு இருவராகச் சென்ற வழக்கமே தொழிற்கூடத்திலும் அவர்களுக்குத் துணை நின்றது. மோசே திக்குவாயன் என்று தயங்கியபோது, இறைவன் அவரை ஒதுக்கிவிடவில்லை. நாவன்மையைப் பெற்று வா என்று திருப்பி அனுப்பவுமில்லை. ஆரோனை உடன் அனுப்பினார். பேச்சும் கூட ஒரு கூட்டுழைப்பே என்பதை விடுதலைப் பயணத்தின் தொடக்கமே நமக்குக் கற்பிக்கிறது. நேர்காணல் அறையோ ஒவ்வொரு பிள்ளையையும் தனியே நிறுத்தி, நீ யார் என்று கேட்கிறது.

இதழை வாசிக்கும் உங்களுள் பலர் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்கள்; சிலர் ஆள் எடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள்; சிலர் கடையோ பட்டறையோ நடத்துபவர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். தரையைப் பார்த்து நிற்கும் பிள்ளையிடம் "உன்னைப் பற்றிச் சொல்" என்பதற்கு மாறாக, "உனக்குத் தெரிந்த வேலை ஒன்றைச் செய்து காட்டு" என்று கேளுங்கள். எடுப்பதென்றால், ஒரே குடியிருப்பிலிருந்து இருவரை எடுத்து, முதல் ஆறு மாதங்களுக்கேனும் ஒரே ஷிப்டில் வையுங்கள். மற்றதை அவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்வார்கள்.