பழைய கார் ஸ்டீரியோ வாங்கும் முன்

‘ரீஃபர்பிஷ்டு’ என்ற ஒரே பெயரில் இரண்டு விதச் சரக்கு விற்கிறது. கம்பெனியே பழுது பார்த்து, சோதித்து, வாரண்டியோடு தருவது ஒன்று. பழைய வண்டியில் கழற்றித் துடைத்து, பெட்டியில் போட்டுத் தருவது இன்னொன்று. ஆலங்குடியில் இருக்கும் என் மைத்துனர் மகன் கேட்டது இரண்டாவது வகையை. "பாதி விலைதான் மாமா, புதுப்பேட்டையில கிடைக்குதாம்" என்றான்.

சென்னைப் புதுப்பேட்டை, கழற்றிய வாகன பாகங்களுக்குப் பெயர் போன இடம். நல்ல சரக்கும் உண்டு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும் என்றேன்.

காரோடு வரும் சில செட்டுகள் பேட்டரி இணைப்பு போனாலே பூட்டிக்கொள்ளும். ரகசிய எண் போடாமல் பாடாது.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. நனைந்த செட் வெளியே பளபளக்கும். உள்ளே போர்டில் பச்சை பூத்திருக்கும். இன்று பாடும், பிறகு எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஒயரிங்தான் பெரிய ஆபத்து. பொதுவாக மஞ்சள் ஒயர் நேரே பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு. இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால், சாவியை எடுத்த பிறகும் செட் கரண்ட் இழுக்கும். அந்தக் காரில்தான் என் மைத்துனரை வாரம் 2 முறை, விடியற்காலையில் டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை அழைத்துப் போகிறான். பாட்டு நின்றால் பரவாயில்லை, வண்டி கிளம்பாவிட்டால்?

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் இருந்தால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1915 எண்ணில் வழி சொல்வார்கள். பில் தரத் தயங்கும் கடையில், அந்தச் செட் யார் வண்டியிலிருந்து வந்ததோ!