தொழுகையும் மூட்டுகளும்

ஐவேளையும் கடமையான தொழுகை மட்டும் 17 ரக்அத்துகள். ரக்அத்துக்கு இரண்டு வீதம் 34 ஸுஜூதுகள். சுன்னத்துகளையும் சேர்த்தால் கணக்கு இருமடங்கை நெருங்கும். இத்தனை முறை குனிந்தும் மடங்கியும் எழும் உடலை எவை தாங்குகின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நோவு வந்த பின்னரே மூட்டு என ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது.

நான் மருத்துவம் பயின்றவனல்லன். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். எனினும் பள்ளிப் பாடநூலைப் பார்த்துப் பிள்ளைகள் மனனம் செய்யும் மூட்டு வகைகளுள் பெரும்பாலானவை தொழுகை விரிப்பிலேயே காணக் கிடைக்கின்றன.

தக்பீருக்குக் கையை உயர்த்துவது தோளின் பந்துக்கிண்ண மூட்டு. உடலில் மிகுதியாகச் சுழலவல்லது அதுவே. கிண்ணம் ஆழமற்றதாகையால் எளிதில் நழுவுவதும் அதுவே. ருகூவில் மடங்கும் இடுப்பு மூட்டும் அதே வகைதான். ஆனால் அதன் கிண்ணம் ஆழமானது. உடற்பாரத்தைச் சுமப்பதற்காகச் சுழற்சியைச் சற்றே விட்டுக்கொடுத்திருக்கிறது. முழங்கை, கதவுக் கீல் போன்றது. ஸலாம் கொடுக்கக் கழுத்தைத் திருப்புகிறோமே, அங்கே இருப்பது முளை மூட்டு. இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து எழும் முளையைச் சுற்றி முதல் எலும்பு வளையம்போல் திரும்புகிறது. பெருவிரலின் அடியில் இருப்பதோ குதிரைச் சேணம் போன்ற மூட்டு. தஸ்பீஹ் எண்ணுகையில் பெருவிரல் மற்ற நான்கு விரல்களின் 12 கணுக்களையும் தொட்டு வருவது அதன் தயவால்தான்.

மண்டையோட்டில் அசையா மூட்டுகளும் உள. இங்கே வரலாற்று மாணவனுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது: அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162-1231). எகிப்தில் 1200ஆம் ஆண்டை ஒட்டி நேர்ந்த கொடும் பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்திற்குச் சென்று, 2,000க்கும் மேற்பட்ட தலைகளை அம்மருத்துவர் ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் இணைந்தது என்று கேலன் எழுதியிருந்தார். நடுவே பொருத்து எதையும் காணாத பக்தாதியோ, அது ஒரே எலும்பு என்று துணிந்து எழுதினார். (பிறக்கும்போது இரண்டாக இருந்து, முதல் ஆண்டிலேயே அது ஒன்றாகிவிடுகிறது.)

இனி முழங்கால். உடலின் மிகப் பெரிய மூட்டு இது. தொடையெலும்புக்கும் கீழ்க்காலெலும்புக்கும் இடையே பிறை வடிவில் இரு குருத்தெலும்புகள் மெத்தையாக அமைந்துள்ளன. எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழவழப்பான குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. கால் மடங்கி நிமிரும்போது அழுந்தி ஊறும் மூட்டுத் திரவமே அதற்கு உணவு. அது தேய்ந்தால் எளிதில் மீண்டும் வளராது.

எழுபதைத் தாண்டிய என் உம்மாவுக்கு அப்படித்தான் தேய்ந்தது. தரையில் அமர வேண்டாம், நாற்காலியில் தொழுங்கள் என்றார் மருத்துவர். உம்மா இசையவில்லை. உடலின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் காலைதோறும் தர்மம் உண்டு, ளுஹா இரண்டு ரக்அத் அதற்கு ஈடாகும் எனும் நபிமொழியைக் கேட்ட நாள் முதல் ளுஹாவை விடாதவர் அவர். நின்று இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அருளிய சலுகையை எடுத்துரைத்தேன்.

“சட்டம் தெரியும் தம்பி. நெற்றி தரையில் படாமல் மனசு ஆறமாட்டேங்குது” என்று அழுதார்.

அதற்கு என்னிடம் விடையில்லை. பள்ளியில் நாற்காலி போட்டவரைக் கண்டு முணுமுணுப்போர் இந்த அழுகையை ஒருமுறை கேட்கவேண்டும்.

மருத்துவர் வேறொன்றும் சொல்லியிருந்தார். வலிக்கிறதென்று காலை அசைக்காமலே இருந்தால் தொடைத் தசை மெலிந்து முழங்காலின் பாரம் கூடும்; ஆகவே நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்திப் பழகவேண்டும். “நாற்காலி தொழுவதற்கு மட்டுமல்ல, மருந்துக்கும்தான் உம்மா” என்றேன். மருந்தென்றதும் இணங்கினார். முதலில் காலை நீட்டவே அதில் உட்கார்ந்தார். சில வாரங்களில் லுஹருக்கும் உட்கார்ந்தார். இப்போது வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. நின்று ஓதுகிறார், ருகூஃ செய்கிறார். ஸுஜூதுக்கு மட்டும் நாற்காலியில் அமர்ந்து தலை தாழ்த்துகிறார். அவர் பெருவிரல் மட்டும் இன்றும் என்னைவிட விரைவாக 33ஐ எண்ணி முடித்துவிடுகிறது.