ஒரு பாஷை, நான்கு பெயர்கள்

போஸ்னியாவின் தலைநகரான ஸராயேவோவுக்குச் செல்லும் பிரயாணி முதலில் காண வேண்டிய இடம் பாஷ்சார்ஷியா என்னும் பழைய கடைவீதி. துருக்கியர் ஆட்சியில் ஏற்பட்ட வீதி அது. ஒரு புறம் செம்புத் தட்டுகளில் சித்திர வேலை செய்யும் கன்னார்களின் சுத்தியல் ஓசை. மறு புறம் மசூதியின் உயர்ந்த ஸ்தூபி. அங்குள்ள கடைகளில், நீண்ட பிடி வைத்த செம்புப் பாத்திரத்தில் காப்பி கொண்டுவந்து வைப்பார்கள்.

அந்தப் பானத்தின் பெயரைக் கேட்டால்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. போஸ்னிய முஸ்லிம்கள் 'கஹ்வா' என்பார்கள். ஸெர்பியர் 'காஃபா' என்பார்கள். குரோஷியர் 'காவா' என்பார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் தடையின்றிப் புரிந்துகொள்வர். ஆயினும், "நீங்கள் பேசும் பாஷை எது?" என்றால் மூன்று பெயர்கள் வரும். அண்டையிலுள்ள மாண்டிநீக்ரோ 2007-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் நான்காவது பெயரையும் சேர்த்துவிட்டது!

'ஸ்லாவ்' என்ற பெயரே, சொல் என்று பொருள்படும் 'ஸ்லோவோ'விலிருந்து பிறந்ததாகப் பண்டிதர் பலர் கருதுகின்றனர். பேச்சுப் புரியாத ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பெயரோ 'ஊமை' என்னும் சொல்லிலிருந்து வந்தது. பேசினால் புரிகிறவன் தம்மவன், புரியாதவன் அந்நியன். இந்தப் பழைய அளவுகோலின்படி ஸராயேவோவாசிகள் யாவரும் ஒரே குடும்பத்தினர்.

1850-ல் ஸெர்பிய, குரோஷிய எழுத்தாளர் சிலர் வியன்னாவில் கூடி, இரு ஜனங்களுக்கும் இலக்கிய பாஷை ஒன்றே என்று கையெழுத்திட்டார்கள். போஸ்னியாவை ஆண்ட ஆஸ்திரிய சர்க்கார் முதலில் அதைப் 'போஸ்னிய பாஷை' என்றது. 1907-ல் 'ஸெர்போ-குரோஷியம்' என்று மாற்றியது. 1991-ல் யுகோஸ்லாவியா உடையத் தொடங்கியதும் அந்தப் பெயரும் உடைந்தது. யுத்தத்திற்குப் பின் சிகரெட்டுப் பெட்டியில் ஒரே எச்சரிக்கையை மூன்று முறை அச்சிட்டார்கள். முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவதில் லிபி மட்டும் வேறு.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். கடைவீதியைத் தாண்டி மில்யாட்ஸ்கா நதிக்கரைக்கு வந்தால் சிரிப்பு அடங்கிவிடும். 1896-ல் திறக்கப்பட்டு, பிற்காலத்தில் தேசியப் புத்தகசாலையான அழகிய மாளிகை அங்கே நிற்கிறது. 1992 ஆகஸ்டில் ஸெர்பியப் படைகள் மலைமேலிருந்து வீசிய குண்டுகளால் அது பற்றி எரிந்தது. லத்தீன் லிபி, ஸிரிலிக் லிபி, அரபு லிபி என்ற பேதமில்லாமல் நூல்கள் சாம்பலாயின. 2014-ல் மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது; சாம்பலானவை திரும்பவில்லை.

போருக்குப் பின் பல ஊர்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள் ஏற்பட்டன. குரோஷியக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி; முஸ்லிம் குழந்தைகளுக்கு மற்றொன்று. பாஷைகள் வேறு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கிய நியாயம். ஊர் நடுவே அருவி பாயும் யாய்ட்ஸே நகரில் இவ்வாறே ஒரு பள்ளியைத் தனியாகப் பிரிக்கத் திட்டமிட்டபோது, மாணவர்கள் ஒன்றுகூடி வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். 2017-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே வருஷம் ஸராயேவோவில் வெளியான ஓர் அறிக்கை, நால்வரின் பாஷையும் ஒன்றே, அதை அவரவர் விரும்பிய பெயரால் அழைக்கலாம் என்று கூறிற்று.

தன் பாஷைக்குத் தானே பெயரிடுவது ஒவ்வொரு ஜனத்தின் உரிமை. அந்தப் பெயரையே சுவராக்கிக் குழந்தைகளைப் பிரிப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. வம்பை விரும்பாத சாதாரண மக்கள் இந்தச் சிக்கலுக்கு வெகுநாள் முன்பே விடை கண்டுவிட்டார்கள். பாஷையின் பெயரைக் கேட்டால் அவர்கள் சொல்வது, 'நாஷ் யேஸிக்'. 'நம் பாஷை' என்பது அதன் பொருள்.