கோஸ்தான்

எங்கள் தோட்டத்தில் யாரும் "வண்டியைப் பின்னால் எடு" என்று சொல்லமாட்டார்கள். "கோஸ்தான் அடி" என்றுதான் சொல்வார்கள். அது மலாய்ச் சொல் என்று மலாய்க்காரர்களும், தமிழ்ச் சொல் என்று எங்கள் பாட்டியும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது கப்பல்காரர்களின் ஆங்கிலம். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் 'கோ ஆஸ்டெர்ன்' என்ற கட்டளைதான் துறைமுகத்தில் இறங்கி, லாரி ஏறி, செம்பனைக் காட்டுக்குள் வந்து கோஸ்தானாகிவிட்டது என்று சொல்வார்கள். பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா முப்பது வருடங்களாக கோஸ்தான் அடித்துக்கொண்டிருப்பவர்.

அப்பா டிராக்டர் ஓட்டுநர். லிங்கிக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில், முன்பு ரப்பராக இருந்து இப்போது முழுக்க முழுக்கச் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் குடியிருப்பது, அவ்வளவுதான். வெட்டிய பழக்குலைகளை ட்ரெய்லரில் ஏற்றி ஆலைக்குப் போகும் லாரியிடம் சேர்ப்பது அப்பாவின் வேலை. குலைகள் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால், வெட்டிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். ஆகவே மழை பெய்தாலும் சேறு இடுப்பளவு ஆனாலும் டிராக்டர் நிற்காது. வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய பாதையில், இரண்டு பக்கமும் வாய்க்கால் இருக்க, ட்ரெய்லரோடு நூறு அடி கோஸ்தான் அடித்து வருவார். சின்ன வயதில் மட்கார்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வித்தை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்தவரை அப்பாவின் வேலையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் எல்லாருடைய அப்பாவும் தோட்டம்தான். 2016இல் படிவம் ஒன்றுக்காக இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம், ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'பெமண்டு', அதாவது ஓட்டுநர், என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, என்ன வண்டி என்று கேட்டாள். கம்பெனி கார் என்றேன். அவள் நான்கு நாளில் அதை மறந்திருப்பாள். நான் ஐந்து வருடம் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெற்றோர் நாளுக்கு அப்பா வராமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

2024 ஆகஸ்ட் விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு நீர் விளையாட்டு நிலையத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. முதலில் கல்லாவில் உட்கார்ந்தேன். பிறகு ஆள் போதாமல் பாய்மரப் படகுகளைத் தயார் செய்யவும் அழைத்தார்கள். படகு என்றால் பதினாறு அடி 'ஹோபி' கெட்டமரன். இரண்டு மெலிந்த மிதவைகள், நடுவில் நாற்கட்டில் போல இழுத்துக் கட்டிய வலைத்துணி, ஒரு பாய்மரம். கெட்டமரன் என்பது நம்முடைய கட்டுமரம்தான் என்று பயிற்றுநரான மலாய் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். காப்பாலும் எங்கள் கப்பல்தான் என்றேன். 1025இல் ராஜேந்திர சோழன் கடல் தாண்டிக் கடாரத்துக்குப் படை அனுப்பிய கதையையும் விட்டு வைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உனக்குப் படகு இறக்குவது ரத்தத்திலேயே இருக்கும்" என்றார்.

சோழர் படையிடம் ட்ரெய்லர் இல்லை. அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு நிறுவனத்திலிருந்து இருபது பேர் வருவதாக இருந்தது. கூடுதல் படகு ஒன்றை எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த கொட்டகையிலிருந்து ஹைலக்ஸில் இழுத்து வந்தோம். வழக்கமாக வண்டி ஓட்டுபவர் அன்று வரவில்லை. பயிற்றுநர் படகோடு நிற்க வேண்டும், யாராவது வண்டியைச் சாய்தளத்தில் பின்னால் இறக்க வேண்டும். "உன் அப்பா டிரைவர்தானே, உனக்கு வருமா?" என்றார். கார் உரிமம் இருந்தது. "போலே" என்று சொல்லிவிட்டேன்.

ட்ரெய்லர் கட்டிய வண்டி பின்னால் போகும்போது எல்லாமே தலைகீழ். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடப்பக்கம் போகும். அதுகூடப் பரவாயில்லை, மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் ட்ரெய்லர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் திரும்பிவிடும். நாம் தப்பை உணர்வதற்குள் அது பேனாக்கத்தி மாதிரி மடிந்துவிடும். எனக்கு மூன்று முறை மடிந்தது. முதல் முறை முன்னால் எடுத்துச் சரி செய்தேன். இரண்டாம் முறை ட்ரெய்லரின் பின்விளக்கு தடுப்புக் கட்டையில் மோதி உடைந்தது. மூன்றாம் முறை இடது சக்கரம் சிமெண்டுத் தளத்தை விட்டு விலகி மணலில் இறங்கி நின்றுவிட்டது. ஏற்கெனவே நிமிர்த்தி வைத்திருந்த எட்டு மீட்டர் பாய்மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிறுவனத்துக்காரர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

பாய்மரத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதை நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து பார்ப்பதுதான் பயிற்றுநர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு அமெரிக்காவில் பலர் இறந்த பிறகு, 1980களில் இந்த வகைப் படகுகளின் பாய்மர நுனியை மின்சாரம் பாயாத கண்ணாடி இழையில் செய்யத் தொடங்கினார்கள். எங்களிடம் இருந்தது அதற்கு முந்தைய பழசா என்று யாரும் கேட்டதில்லை. கரையோரம் நடக்கும்போது இப்போதும் கம்பி எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அப்போது அப்பா வந்தார். மதியச் சோறு கொடுக்க மோட்டாரில் வந்திருந்தார், காலில் தோட்டத்துப் பூட்ஸ். தூக்குச் சட்டியை மதில் மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் நேராகச் சக்கரத்தைப் பார்த்தார். "இறங்கும்மா" என்றார். பயிற்றுநரிடம், "என்சிக், நான் எடுக்கட்டுமா?" என்று மலாயில் கேட்டார்.

ஒரு கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வைத்தார். தலையைத் திருப்பவில்லை, கண்ணாடியை மட்டும் பார்த்தார். முன்னால் இரண்டடி, பின்னால் ஒரே இழுப்பு. மணலில் இருந்த சக்கரம் தளத்தில் ஏறி, ட்ரெய்லர் கோடு போட்ட மாதிரி நேராகி, தண்ணீர் ஓரத்தில் நின்றது. கைதட்டினார்கள். அப்பா இறங்கி வந்து சக்கரத்தின் நடுப்பாகத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு. பேரிங். இப்பவே தண்ணியில விட்டா உள்ளே உறிஞ்சிக்கும், கிரீஸ் போயிடும். கொஞ்சம் ஆறட்டும்" என்றார். பயிற்றுநர் தலையாட்டினார். ஆனால் அவருக்குக் கவலை வேறு. கடல் வற்றிக்கொண்டிருந்தது. மலாக்கா நீரிணையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றல். வற்ற வற்றச் சாய்தளத்தின் கீழ்ப்பகுதி வெளியே வரும். அங்கே முழுக்கப் பச்சைப் பாசி. அதில் டயர் ஏறினால் வண்டியும் படகோடு சேர்ந்து மிதக்கப் போய்விடும்.

பத்து நிமிடம் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் மிதவைகளின் பின்புறத்தில் பிளக்குகளை மாட்டியிருக்க வேண்டும். மிதவைக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. கரையில் இருக்கும்போது உள்ளே சேர்ந்த நீர் வடிய அவற்றைக் கழற்றி வைப்பார்கள். ஒன்றை மாட்டிவிட்டேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோது பயிற்றுநர் அப்பாவிடம், "பாக்சிக் கம்பெனி கார் ஓட்டுகிறீர்கள் என்றாளே, இதை எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டார்.

ஆமாம், அவரிடமும் சொல்லியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யாரும் வற்புறுத்தாமலே. பழக்கம்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலப் பார்த்தார். பெற்றோர் நாள்கள் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாகப் போயின என்று நினைக்கிறேன். பிறகு பயிற்றுநர் பக்கம் திரும்பி, "டிராக்டர். செம்பனை" என்றார். "கார் அப்பப்போ."

அந்த 'அப்பப்போ' எனக்காகச் சொன்னது. எங்கள் வீட்டில் கார் கிடையாது.

பிளக் என் கால்சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

படகு அழகாக இறங்கியது. கயிற்றைப் பிடித்துக்கொள் என்றார்கள், அதையாவது ஒழுங்காகப் பிடித்தேன். சுக்கான்கள் தளத்தில் தட்டாமல் தூக்கிக் கட்டியிருந்தன, காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பாயை ஏற்றினார்கள், எல்லாம் முறைப்படி. பயிற்றுநரும் விருந்தினர் இருவரும் கிளம்பினார்கள். கால் மணி நேரம் கழித்துப் படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து, நேராகப் போகாமல் வட்டமடிப்பதைக் கரையிலிருந்து பார்த்தோம். "ஒரு பக்கம் கனமா இருக்கே" என்றார் அப்பா. கையைப் பைக்குள் விட்டேன்.

எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள், விசைப்படகு போய் இழுத்து வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மிதவை முழுக்க நிறைந்திருந்தால், காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மாதிரி ஒன்று வந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிளக்கை எடுத்துப் பயிற்றுநரிடம் நானே கொடுத்தேன். அன்றைய கூலி கிடைக்கவில்லை, கேட்கவும் இல்லை. அவரிடம் கார் பற்றிய பொய்யையும் சொன்னேன். "பிளக்தான் பெரிய தப்பு" என்றார்.

வீட்டுக்கு மோட்டாரில் போகும் வழியில் வெகுநேரம் அப்பா பேசவில்லை. பிறகு, காற்றில் பாதி கேட்கும்படி, "கையைக் கீழே வச்சுப் பிடி. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து. மண்டை குழம்பாது" என்றார். அவ்வளவுதான். நான் "மன்னிச்சிருங்கப்பா" என்றதைக் காற்று எடுத்துப் போய்விட்டதா, கேட்டும் விட்டுவிட்டாரா தெரியவில்லை.

விடுமுறை முடியும் வாரம் பயிற்றுநர் அப்பாவைப் படகில் வரச் சொன்னார். கடலுக்கு அரை மணி நேரத் தூரத்தில் ஐம்பத்து நான்கு வருடம் வாழ்ந்தவர், அதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. இரண்டு கையாலும் வலைத்துணியைப் பற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பயம் தெளிந்து, கயிறு எதற்கு, சுக்கான் எப்படி என்று கேட்க ஆரம்பித்தார். கடைசியாக, "இதுக்கு கோஸ்தான் உண்டா?" என்றார்.

பயிற்றுநர் சிரித்துவிட்டுப் படகைக் காற்றுக்கு நேரே நிறுத்தினார். பாயின் அடிக்கட்டையைக் கையால் வெளியே தள்ளிப் பிடித்தார். பாய் எதிர்ப்பக்கமாகப் புடைத்தது. கட்டுமரம் ஒரு கணம் தயங்கி, மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது. சுக்கான் பிடி என் கையில் இருந்தது. படகு கோணியது.

"மாத்தித் திருப்பும்மா" என்றார் அப்பா.