பின்சட்டத்தில் ஒரு மெல்லிய கோடு



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. இங்கே ஜேர்மனியில் நம் இளையோர் பலர் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் புறப்படும் காலம் இது. இருபுறமும் அலுமினியப் பெட்டிகள், பின்னால் மேற்பெட்டி, அதன்மேல் கூடாரப் பை என்று ஏற்றிக்கொண்டு ஆலய முற்றத்துக்கு வந்து, வண்டியை ஆசீர்வதித்துத் தரும்படி கேட்பார்கள். எனக்கும் அது மகிழ்ச்சியே. முழங்கால் வலி தடுக்கும்வரை நானும் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவன்தான் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தம்பி தம் மனைவியுடன் வந்தார். மறுநாள் காலை நோர்வேயின் நோர்ட்காப் முனைக்குப் புறப்பாடு. ஒரு வழிக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். வண்டியைச் சுற்றி வந்த நான் பின்புறத்தில் நின்றுவிட்டேன். இருக்கைக்குக் கீழே, குழாயும் தாங்கியும் சேரும் பற்றவைப்பின் ஓரத்தில், கறுப்பு வர்ணத்தில் மயிரிழை போல ஒரு கோடு. கோட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் துரு கசிந்திருந்தது. மேற்பெட்டியைக் கையால் அழுத்தினேன். கோடு மெல்லத் திறந்து மூடியது.

“தம்பி, நாளைக்கு வெளிக்கிடாதையும். சட்டம் வெடிச்சிருக்கு” என்றேன்.

“பாதர், அது கல்லடிச்ச கீறல். நான் ஆசீர்வாதத்துக்குத்தான் வந்தனான்” என்றார்.

கராஜில் காட்டிவிட்டு வரும்வரை தீர்த்தம் தெளிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் கறுத்தது. விடைபெறாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையை வெட்கப்படுத்திவிட்டேனோ என்ற எண்ணத்தில் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்பதை அவருக்கும் உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2012ஆம் ஆண்டு கோடையில் நான் தனியே லூர்து நகருக்கு வண்டியில் போனேன். மேற்பெட்டியில் புத்தகங்கள், கணினி, சப்பாத்து, பூட்டுச் சங்கிலி என்று 17 கிலோ. பெட்டியின் தட்டில் அதிகபட்சம் 10 கிலோ என்று பொறித்திருந்தது. அதை வாசித்தேன், பொருட்படுத்தவில்லை. புறப்படுவதற்கு முன்னர் வண்டியைக் கழுவியபோது, பின்சட்டத்தில் இதே போன்றதொரு கோட்டையும் கண்டேன். கீறல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள மலைப்பாதையில் வண்டியின் பின்பகுதி மீன்வால் போல அசையத் தொடங்கியது. வேகத்தைக் குறைப்பதற்குள் குழாய் ஒருபுறம் அறுந்தது. பெட்டி சரிந்து மண்காப்பை டயரோடு அழுத்தியது. எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். எனக்குப் பின்னால் வந்த கார் சக்கரங்கள் கிறீச்சிட நின்றது. அதன் பின்னிருக்கையில் இரண்டு சிறுபிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய தந்தை என்னைத் திட்டவில்லை, வெறுமனே பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் என்னோடு இருக்கிறது.

அருகிலிருந்த கிராமத்தில் உழவு இயந்திரங்கள் திருத்தும் ஒரு முதியவர் அதை ஒட்டித் தந்தார். நான் ஒட்டும்போது பார்த்துக்கொண்டிருந்ததால், தமக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களையும் கைச்சைகைகளையும் சேர்த்துப் பாடமும் நடத்தினார். அந்தப் பாடத்தைப் பின்னர் நூல்களிலும் கராஜ்களிலும் தேடிக் கற்றேன்.

வண்டியின் முதன்மைச் சட்டம் எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்குகிறது. அதிலிருந்து பின்னோக்கி நீளும் மெல்லிய குழாய்ச் சட்டமே பின்சட்டம். ஜேர்மனில் ஹெக்ராமன் என்பார்கள். இருக்கை, பின்னால் அமர்பவர், விளக்கு, ஓரளவு சாமான் ஆகியவற்றுக்காக அமைக்கப்பட்டது அது. மேலே இரண்டு குழாய்கள், கீழிருந்து சாய்வாக வந்து முட்டுக்கொடுக்கும் இரண்டு குழாய்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தெரியும். முக்கோணத்துக்குள் விழும் பாரத்தை அது எளிதில் தாங்கும். மேற்பெட்டியோ முக்கோணத்துக்கு வெளியே தொங்குகிறது. பிடிமானத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் இருக்கும் 10 கிலோவை 60 சென்ரிமீற்றருக்குத் தள்ளி வைத்தால், சட்டத்தை வளைக்கும் விசை இரு மடங்காகிறது. மேற்குழாய் இழுபடுகிறது, கீழ்முட்டு நசுங்குகிறது. குழியில் சக்கரம் விழும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை இன்னும் கூடுகிறது. இரும்பு ஒரே அடியில் உடைவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு அசைவுகளில் களைத்து, பற்றவைப்பின் ஓரத்திலேதான் பெரும்பாலும் வெடிக்கத் தொடங்கும்.

அப்படியானால் தடித்த இரும்பாக வைத்து ஒட்டிவிட்டால் போதுமே என்று நினைப்பீர்கள். அதற்கு மறுமொழி என் வாழ்வில் முன்னரே கிடைத்திருந்தது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் புறப்பட்ட அந்த நாளை உங்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களில் பெற்றோலும் இல்லை, வாகனமும் இல்லை. சைக்கிளே நமக்கு லொறி. என் சைக்கிள் கரியரின் இருபுறமும் இரும்புக் கம்பி வைத்து, பின்சக்கரத்தின் அச்சுவரை முட்டுக்கொடுத்திருந்தேன். அதில் அயல்வீட்டு அம்மா ஒருவரை இருத்தி, அவருடைய அரிசிப் பையையும் கட்டி, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி உருட்டினேன். கரியர் அசையவில்லை. ஆனால் பாலத்தை அடையுமுன் சக்கரத்தின் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கரியரைப் பலப்படுத்திய நான் சக்கரத்தை நினைக்கவில்லை. அந்த அம்மா இறங்கி, அரிசிப் பையைத் தம் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஓரிடத்தைப் பலப்படுத்தினால் பாரம் காணாமல் போவதில்லை. அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. பின்சட்டத்தை மிதமிஞ்சி விறைப்பாக்கினால், விசை முழுவதும் அதை இணைக்கும் போல்ட்டுகளுக்கும் முதன்மைச் சட்டத்தின் காதுகளுக்கும் போய்ச் சேரும். கழற்றக்கூடிய பின்சட்டம் உடைந்தால் மாற்றலாம். முதன்மைச் சட்டம் வெடித்தால் வண்டியே போயிற்று.

ஆகவே பலப்படுத்துவதென்றால் பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் விதமாகச் செய்யவேண்டும். மூட்டுகளில் சிறு முக்கோணத் தகடுகள் வைக்கலாம். கீழ்முட்டுக் குழாயைச் சற்றுத் தடித்ததாக மாற்றலாம். பெட்டிகளைத் தாங்கும் இடப்புற, வலப்புறக் கம்பிகளைப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்தால் பக்கவாட்டு ஆட்டம் அடங்கும். அக்கம்பிகளின் கீழ்முனை, பின்னிருப்பவரின் கால்தாங்கி பொருத்தப்பட்ட இடம்வரை இறங்கினால், பாரத்தின் ஒரு பகுதி வலிமையான இடத்துக்குப் போகும். வெடித்த குழாயில் மேலால் மட்டும் ஒட்டுவது பயனற்றது. வெடிப்பை முழுவதும் அரைத்தெடுத்து, உள்ளே ஒரு குழாயைச் செருகி ஒட்டவேண்டும். ஒட்டுமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவேண்டும். அலுமினியச் சட்டமென்றால் வீதியோரத்தில் ஒட்ட நினைக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் அது வலிமை இழக்கும். தொலைதூரப் பயணிகள் பலர் இரும்புச் சட்டத்தையே நாடுவதற்குக் காரணம், அதை ஒட்டத் தெரிந்தவர் எந்தக் கிராமத்திலும் கிடைப்பார் என்பதே. இந்நாட்டில் சட்டத்தில் கைவைக்குமுன் டியூவ், டெக்ரா போன்ற ஆய்வு நிலையம் ஒன்றில் பேசிவிடுங்கள். ஒப்புதலின்றி மாற்றினால் வண்டியின் இயக்க அனுமதியே இரத்தாகக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, கணக்குப் பார்ப்பது. வண்டியின் பதிவுப் பத்திரத்தில் எஃப்.2 என்ற கட்டத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும், ஜி என்ற கட்டத்தில் வண்டியின் எடையும் இருக்கும். அந்தத் தம்பியின் வண்டிக்கு 430 கிலோவும் 240 கிலோவும். மிஞ்சுவது 190. இருவரும் உடை, தலைக்கவசத்தோடு 155. மிஞ்சுவது 35. வெறும் பெட்டிகளும் தாங்கு கம்பிகளும் 18. சாமானுக்கு எஞ்சியது 17 கிலோ. அவர் ஏற்றியிருந்ததோ 50 கிலோவுக்கு மேல்!

இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்? புதன்கிழமை மாலை அவரே அறைமனைக்கு வந்தார். திங்கட்கிழமை புறப்படத்தான் இருந்தாராம். மனைவிதான், கராஜில் காட்டாமல் ஏறமாட்டேன் என்று நின்றிருக்கிறார். இருக்கையைக் கழற்றியபோது, வெளியே மயிரிழையாகத் தெரிந்த வெடிப்பு குழாயின் பாதிச் சுற்றுக்கு மேல் ஓடியிருந்ததாம். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டிவிட்டு, “பாதர், அண்டைக்குக் கோவப்பட்டிட்டன்” என்றார். “நானும் உம்மைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்” என்றேன். பிறகு இருவருமாகக் குளியலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக நிறுத்தோம். இரண்டு மடிப்புக் கதிரைகளும் ஒரு பெரிய சமையல் பாத்திரமும் வீட்டோடு நின்றன. பாரமானவை பக்கப்பெட்டிகளின் அடியில், முன்பக்கமாகப் போயின. மேற்பெட்டியில் மழையுடுப்பு மட்டும்.

உறவுகளே, அன்று நிறுத்துக்கொண்டிருக்கையில் நம் வீடுகளே என் நினைவுக்கு வந்தன. குடும்பத்தில் ஒருவர் தாங்குகிறார் என்று கண்டதும் எல்லாவற்றையும் அவர்மேல் ஏற்றிவிடுகிறோம். இரண்டு வேலை, ஊருக்கு அனுப்பும் பணம், தங்கையின் கலியாணம், வீட்டுக்கடன். அவரும் தாங்குவார். ஆனால் எங்கோ ஒரு கோடு விழுந்திருக்கும். அதைக் கீறல் என்று அவரும் சொல்வார், நாமும் நம்புவோம். அவரைப் பார்த்து, “உங்களுக்குக் களைப்பில்லையா?” என்று இந்த வாரம் ஒருமுறையாவது கேளுங்கள்.

பின்சட்டம் திருத்தப்பட்டு, ஆய்வும் முடிந்து, கடந்த வெள்ளிக்கிழமை தம்பியும் மனைவியும் புறப்பட்டார்கள். இம்முறை தீர்த்தம் தெளித்தேன். பின்புறத்தை அழுத்தியும் பார்த்தேன். நேற்றிரவு சுவீடனிலிருந்து ஒரு படம் வந்தது. ஏரிக்கரையில் வண்டி நிற்கிறது. கதிரை இல்லாததால் இருவரும் ஒரு மரக்குற்றியில் அமர்ந்து தேநீர் குடிக்கிறார்கள்.

நீங்களும் புறப்படுமுன் இருக்கையைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். சந்தேகமிருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். இனி தனியே அழைத்துத்தான் சொல்வேன்.

செபங்களுடன்,
உங்கள் பங்குத்தந்தை