புனிறு

தொல்காப்பிய உரியியலில் ‘புனிறு’ என்றொரு சொல் வருகிறது. ஈன்றணிமை என்பது பொருள். வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் ‘பச்சை உடம்பு’ என்னும் வழக்கைத்தான் துணைக்கு அழைப்பேன். மாணவியர்க்கு உடனே விளங்கிவிடும். அந்த அணிமை எத்தனை நாள் என்று இலக்கணம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் 16 நாள். மருத்துவர் கணக்கில் 6 வாரம்.

இளைய மகள் பிறந்தபோது எனக்கு வயது 38. எட்டாம் மாதத்திலேயே இரத்த அழுத்தம் 150/100 என ஏறியிருந்தது. சுகப்பிரசவம்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகையில், ஆறாம் நாள், பதினான்காம் நாள், ஆறாம் வாரம் என மூன்று தேதிகளைச் சீட்டில் எழுதித் தந்தார் மருத்துவர். குழந்தைக்கல்ல, எனக்கு.

அம்மா ஒப்பவில்லை. “பதினாறு கழியாம படி எறங்கக் கூடாதும்மா. புள்ளதான் பொறந்தாச்சே, இனி என்ன பிரஷர்?” அவள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா, நான் கண்டிராத பெரியம்மா, தலைப்பிரசவமான எட்டாம் நாள் ஜன்னி கண்டு இறந்தவர். இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கொல்லைப்புறம் போனபோது காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்பதே வீட்டில் நிலைத்த பேச்சு.

பிள்ளை பிறந்ததும் அழுத்தம் தணியும் என்பது பாதி உண்மை. கர்ப்பத்தில் திசுக்களில் தேங்கிய நீர் மீண்டும் இரத்தக் குழாய்களுக்குத் திரும்புவதால், மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையே அது மறுபடி உச்சம் தொடும். வீடு திரும்பி, பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறுமாக இருக்கும் நாள்கள் அவை. வலிப்பு அப்போதும் வரலாம். கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாதிருந்தவர்க்கும் வரலாம்.

ஆறாம் நாள் ஆட்டோவில் போனோம். அம்மா என் காதுகளில் பஞ்சு அடைத்து, குழந்தையின் துணிக்குள் ஓர் இரும்புத் துண்டையும் செருகிக்கொண்டாள். நற்றிணை 40ஆம் பாட்டில் புதல்வனை ஈன்றவள் ஐயவி அணிந்து உறங்குவாள். அந்த வெண்சிறுகடுகின் காவல்தான் இங்கே இரும்பாகியிருந்தது.

செவிலியர் உடனே அளந்துவிடவில்லை. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். கையை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில் வைக்கச் செய்தார். 164/110. சற்றுக் கழித்து மறுபடி பார்த்தார், இறங்கவில்லை. எனக்குத் தலைவலியில்லை, கிறுகிறுப்பில்லை, நன்றாகவே இருந்தேன். இந்நோயில் இன்றும் என்னைத் திகைக்க வைப்பது அதுதான். அன்றே சேர்த்துக்கொண்டு நிஃபெடிபைன் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் நாளில் மருத்துவர், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் வரவேண்டும் என்றார். “கண்ணு மங்கலா?” என்று அம்மா ஒரே கேள்வி கேட்டாள். வழியெல்லாம் பேசவில்லை.

பதினான்காம் நாள் எனக்கு முன்னே அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

ஆறாம் வாரம் 126/80. மாத்திரையை நிறுத்தினார்கள். இப்படி ஏறியவர்களுக்குப் பின்னாளில் இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல், ஆகவே ஆண்டுதோறும் பார்க்கவேண்டும் என்றார் மருத்துவர். நான் எழுந்ததும் அம்மா அந்த நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையில் பதித்துக் கையை நீட்டினாள். நான்கு பிள்ளை பெற்றவள். அந்தக் கையில் அதுவரை யாரும் பட்டை கட்டிப் பார்த்ததில்லை. 170/100. அவளுக்கும் ஒரு சீட்டு எழுதினார்கள்.